சேர்க்கப்பட்ட சர்க்கரை: பூஜ்யம்

மூன்றாம் நாள்

நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்த மூன்றாம் நாள், காலை பதினொன்றே காலுக்கு, என் மேஜை மேல் இருந்த போன் அடித்தது.

காரைக்குடியில் சத்துமாவும் முறுக்கும் பாக்கெட் போட்டு விற்கிற சின்னக் கம்பெனி. எனக்கு ஊர் ஒக்கூர். வேதியியல் படித்துவிட்டு மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடம் உணவு சாம்பிள் பார்த்தேன். அப்பா நடமாட்டம் இல்லாமல் படுத்துவிட்டதால் ஊர்ப்பக்கம் வேலை தேடினேன். குவாலிட்டி கன்ட்ரோல் நாற்காலி காலியாக இருக்கிறது என்றார்கள். வந்து உட்கார்ந்தேன்.

அந்தப் போனோடு ஒரு பெட்டி இணைத்திருந்தார்கள். நாலு முறை மணி அடித்தும் யாரும் எடுக்காவிட்டால் பெட்டியே பேசும். அன்றைக்கு என் இரண்டு கையிலும் மாவு சாம்பிள் இருந்ததால் நான் எடுக்கவில்லை. பெட்டி பேசியது.

"வணக்கம். பாக்கெட்டில் உள்ள விவரங்களைத் தெளிவாக வாசிக்கவும். பிறகு உங்கள் குறையைச் சொல்லவும். உங்கள் புகார் பதிவு செய்யப்படும்."

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த விஜயாவின் குரல் அது. நான் சேர்வதற்கு நாலு மாதம் முன்பு புற்றுநோயில் இறந்துபோயிருந்தார். பெட்டியில் இருந்த குரலை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கூ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு வயதான ஆளின் குரல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தது.

"நூறு கிராமுக்கு. சக்தி, முன்னூத்தி எழுபத்தெட்டு கிலோ கலோரி. புரதம், ஒம்பது கிராம். கொழுப்பு, ரெண்டு கிராம்."

எங்கள் கவுனி அரிசி சத்துமாவு பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கிற சத்து அட்டவணை. டேபிள் என்போம். ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"சேர்க்கப்பட்ட சர்க்கரை. பூஜ்யம்."

அங்கே நின்றார். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், ரொம்பப் பெரிய இடத்தில் புறா சிறகடிப்பது போல ஒரு சத்தம். பிறகு,

"இருநூத்திப் பன்னெண்டு."

போனை வைத்துவிட்டார்.

மறுநாளும் அதே நேரத்துக்கு அடித்தது. பெட்டி பேசி முடித்ததும் ரிசீவரை எடுத்தேன். "ஐயா, சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். அவர் நிற்கவில்லை. நான் பேசப் பேச என் பேச்சுக்கு மேலேயே வாசித்துக்கொண்டு போனார். நான் ஒருத்தி அங்கே இல்லாத மாதிரி. கடைசியில், "இருநூத்தி நாப்பது."

அதற்கடுத்த நாள் இருநூற்று எண்பத்தாறு.

அது பேட்ச் எண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். ரெஜிஸ்டரைப் புரட்டினேன். எங்கள் பேட்ச் எண்கள் ஆங்கில எழுத்தில் தொடங்கும். இப்படி வெறும் மூன்று இலக்கத்தில் எதுவும் கிடையாது. இருந்தாலும் அவர் சொல்லும் எண்ணை ரெஜிஸ்டரின் ஓரத்தில் தினமும் குறித்து வைத்தேன். பெட்டியில் தெரிந்த நம்பருக்குத் திருப்பி அடித்தும் பார்த்தேன். காரைக்குடி வட்டாரத்தில் ஒரு வீட்டு லைன். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அரைமணி கழித்து, மத்தியானம், சாயங்காலம், எப்போது அடித்தாலும் அப்படியே.

பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொண்ட சித்ராவுக்கு அமராவதிபுதூர். பயந்த சுபாவம் இல்லாதவள். அவளே பதினொரு மணி ஆனால் என் அறைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

"மேடம், நீங்க அந்தப் போன எடுக்காதீக" என்றாள்.

"ஏன்?"

"அவுக உங்ககிட்டப் பேசல. விஜயாக்காகிட்டப் பேசுறாக."

நான் சிரித்தேன். ஆனால் அடுத்த நாள் போன் அடித்தபோது என் கை ரிசீவருக்குப் போகவில்லை.

கையெழுத்து

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும்.

கவுனி அரிசி சத்துமாவுதான் எங்களிடம் அதிகம் ஓடிய சரக்கு. முன்பக்கத்தில் 'சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது' என்று இருக்கும். அதற்குக் கீழே பச்சை நிறத்தில் ஐந்து நட்சத்திரம். பாக்கெட்டுக்கான பிலிம் ரோல் தீர்ந்துவிட்டதால், புது ரோலை அச்சடிக்கும் முன் சரிபார்க்க ப்ரூஃப் வந்தது. அதில் குவாலிட்டியின் கையெழுத்து வேண்டும். முதலாளி பாஸ்கரன் சாரே எடுத்துக்கொண்டு வந்தார்.

"இந்த ஸ்டாரு யாரு சார் குடுத்தது?" என்று கேட்டேன்.

"பாக்கெட்டு முன்னாடி ஸ்டார் போடணும்னு கவர்மென்டுல பேசிக்கிட்டு இருக்காகள்ல. அது வர்றப்ப வரட்டும். நம்ம முந்திக்கிட்டோம்."

"அஞ்சுன்னு எப்படி முடிவு பண்ணுனீக?"

"நம்ம சரக்கு நமக்குத் தெரியாதா மேடம்?"

லேப் ரிப்போர்ட் கேட்டேன். ரிப்போர்ட் இல்லை, விஜயா கணக்குப் போட்டு வைத்த டேபிள் இருக்கிறது என்றார். கணக்குப் போட்டு டேபிள் தயார் செய்வது தப்பில்லை. ரெசிபியில் என்னென்ன எவ்வளவு என்று தெரிந்தால், ஒவ்வொன்றின் சத்தையும் அட்டவணையில் பார்த்துக் கூட்டிப் போடலாம். பல கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. ரெசிபி உண்மையாக இருக்கும்வரை டேபிளும் உண்மையாக இருக்கும்.

ரெசிபி உண்மையா என்று நான் மிக்சிங் பகுதிக்குப் போய்ப் பார்க்கவில்லை. அது வேறொரு ஷெட்டில், திருப்பத்தூர் ரோட்டில் இருந்தது. வெயிலில் போக வேண்டுமே என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மனம் உறுத்தியதால் ஒரு பாக்கெட்டை மட்டும் என் பழைய லேபுக்கு கூரியரில் அனுப்பினேன். ரிசல்ட் வர நாளாகும் என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

போன் வந்துகொண்டுதான் இருந்தது. முந்நூற்று முப்பத்தொன்று. முந்நூற்றுத் தொண்ணூறு. நானூற்று அறுபத்தேழு. ஒரு நாள்கூட எண் இறங்கவில்லை. குரல் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது.

இரண்டு எழுத்து

அன்றைக்கு சித்ரா சாம்பிள் டிரேயோடு என் அறையில் நின்றபோதே போன் அடித்துவிட்டது. வெளியே போகத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

விஜயாவின் குரல் முடிந்தது. கூ என்றது. அவர் வாசித்தார். நடுநடுவே ரொம்ப நேரம் நிறுத்தினார். சேர்க்கப்பட்ட சர்க்கரை பூஜ்யம் என்றதும் வழக்கம்போல மூச்சு. பிறகு,

"எச். ஐ."

எனக்குப் புரியவில்லை. அவரே இன்னொரு முறை சொன்னார்.

"எச், ஐ. ரெண்டு எழுத்துத்தான் வருது. நம்பரு வரல."

இத்தனை நாளில் அவர் டேபிளுக்கு வெளியே பேசிய முதல் வாக்கியம் அது. போன் கட்டானது.

சித்ரா டிரேயை மேஜை மேல் வைத்தாள்.

"மேடம், அது சுகர் மெஷினு" என்றாள். "எங்க மாமியாருக்கு வீட்டுல வச்சுருக்கோம். ஒரு தடவ அப்பிடித்தான் வந்துச்சு. அளக்க முடியாத அளவுக்கு ஏறிப்போச்சுன்னா நம்பரு காட்டாது மேடம். எச் ஐன்னு ரெண்டு இங்கிலீஷ் எழுத்துத்தான் காட்டும்."

ரெஜிஸ்டர் ஓரத்தில் நான் எழுதி வைத்திருந்த எண்களைப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டில் தொடங்கி ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பேட்ச் எண் என்று நான் தேடியது யாரோ ஒருவரின் ரத்தம்.

சித்ராவின் அண்ணன் டெலிபோன் லைன்மேன். நம்பரைச் சொன்னதும் பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். "அது கண்டனூர்ல ஒரு பெரிய வீட்டுக்குப் போற லைனு. வீட்டுக்காரவுக மலேசியாவுல இருக்காக. கல்யாணம் காச்சின்னாத்தான் வருவாக. வீடு பூட்டித்தான் கெடக்கும்."

"பூட்டின வீட்டுலருந்து யாருண்ணே போன் பண்ணுவா?" என்று சித்ரா கேட்டாள்.



கண்டனூர்

ஆம்புலன்சுக்கு வீட்டு அடையாளத்தைச் சொல்லிவிட்டு சித்ராவின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். உச்சி வெயில். தெரு முழுக்க ஆளுயரக் கதவுகளில் பூட்டுப் போட்ட வீடுகள். ஒரு ஆள் இல்லை. முன்வாசல் பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போனோம். பின்கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே கால் வைத்ததும் அந்தக் குரல் கேட்டது.

"நூறு கிராமுக்கு. சக்தி, முன்னூத்தி எழுபத்தெட்டு."

சித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. முற்றத்தோடு ஒரு கட்டு, அதைத் தாண்டி இன்னொரு கட்டு, சுற்றிலும் பூட்டிய அறைகள். ஒவ்வொரு முற்றத்திலும் குரல் ஒரு முறை மோதி வந்தது. "புரதம், ஒம்பது" என்று எங்களுக்கு முன்னால் கேட்டது. கொஞ்சம் பொறுத்து எங்களுக்குப் பின்னாலும் கேட்டது.

இரண்டாவது கட்டுச் சுவரில் எங்கள் பாக்கெட்டுகளைப் பார்த்தேன். காலிப் பாக்கெட்டுகளை ஒழுங்காகக் கத்தரித்து, விரித்து, டேபிள் இருக்கும் பக்கம் வெளியே தெரியும்படி சோற்றுப் பசையால் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். அந்த வரிசைக்குக் கீழே கரித்துண்டால் எண்கள். என் ரெஜிஸ்டரில் இருந்த அதே எண்கள், அதே வரிசையில். கடைசியாக இரண்டு ஆங்கில எழுத்துகள், பார்த்து வரைந்த மாதிரி.

சுவர் முடியும் இடத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்குள் இருக்கும். கண் திறந்திருந்தது. நாங்கள் முன்னால் போய் நின்றும் கண் எங்கள்மேல் திரும்பவில்லை. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. மடியில் ஒரு கிண்ணம், அதில் பாதி குடித்த எங்கள் கஞ்சி.

பத்தடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பெரியவர் அன்றைக்கு இரண்டாம் முறையாகப் போனில் வாசித்துக்கொண்டிருந்தார். சித்ரா "ஐயா" என்று கூப்பிட்டாள். கத்திக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. "எச், ஐ" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டுத்தான் திரும்பினார். எங்களைப் பார்த்ததும் அவர் பயப்படவில்லை. நாங்கள்தான் பயந்துபோய் நின்றோம்.

அவர் பெயர் ஆறுமுகம். அரிசி மில்லில் முப்பது வருடம் மெஷின் பக்கத்தில் நின்று காது ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள அவரும் மனைவி வள்ளிக்கண்ணும் மட்டும் அங்கே தங்கியிருந்தார்கள். அந்த அம்மா சோர்ந்து கிடந்ததால் நான் திருப்பி அடித்தபோது போனை எடுக்க ஆளில்லை. இதெல்லாம் பிறகு ஆஸ்பத்திரியில் தெரிந்தது. அந்த நேரத்தில் சித்ரா அவர் காதுக்குள் வாயை வைத்து, "கம்பெனியிலருந்து வாரோம்" என்று மட்டும் கத்தினாள்.

"இப்பத்தான் வர்றீகளா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். "தினமும் வாசிச்சனே. பாக்கெட்டுல இருக்குறத வாசிக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லுதாம்ல. மொத நாளு இவதான் கேட்டுச் சொன்னா. எனக்கு அந்தக் கூன்னு சத்தம் மட்டுந்தான் கேக்கும். கேட்டதும் வாசிச்சுருவேன்."

ஆம்புலன்ஸ் வந்தது. வள்ளிக்கண்ணுவைத் தூக்கும்போது கிண்ணம் மடியிலிருந்து விழுந்து தரையில் உருண்டது. அந்தச் சத்தம் பூட்டிய அறைகளில் எல்லாம் கேட்டது. ஆறுமுகத்துக்கு மட்டும் கேட்கவில்லை.

நாட்டுச்சர்க்கரை

மூன்றாம் நாள்தான் அந்த அம்மாவுக்கு நினைவு திரும்பியது. ஒரு கண்ணில் பார்வை திரும்பவே இல்லை. எங்கள் மாவு மட்டுமே காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஐந்து நட்சத்திரத்தையும் பூஜ்யத்தையும் நம்பி மூன்று வேளையும் அதையே கஞ்சி வைத்துக் குடித்திருக்கிறார். இதுவே போதும் என்று மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார். சர்க்கரை ஏற ஏற, அளவு போதவில்லைபோல என்று இன்னும் கூடுதலாகக் குடித்திருக்கிறார்.

அந்த வாரமே மதுரையிலிருந்து ரிசல்ட் வந்தது. பூஜ்யம் என்று நான் கையெழுத்துப் போட்ட மாவில், நூறு கிராமுக்கு இருபத்திரண்டு கிராம் சர்க்கரை.

பாஸ்கரன் சார் முன்னால் அதை வைத்தேன். அவர் ரிப்போர்ட்டைத் தொடவில்லை.

"அது நாட்டுச்சக்கர மேடம்" என்றார். "வெள்ளச் சீனி ஒரு சிட்டிக நம்ம போடல. கவுனி மட்டும் போட்டா சப்புன்னு இருக்குன்னு கடைக்காரவுக திருப்பி அனுப்புனாக. அதான் ரெசிபிய மாத்துனோம். எங்கப்பாவும் சுகர்காரருதான். அவரும் இதத்தான் குடிக்கிறாக."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பகீர் என்றது.

"உள்ள போனா அதுவும் சர்க்கரைதான் சார். டேபிளையும் மாத்தணும், ஸ்டாரையும் எடுக்கணும். கடையில இருக்குற சரக்கத் திருப்பி எடுக்கணும்."

"ஒத்த ஆளு மாத்திரைய நிறுத்துனதுக்கு நம்ம என்ன செய்ய முடியும்? ஒத்த புகாருதான மேடம் வந்துருக்கு?"

பெட்டியில் இருந்தவை

ஒரே புகார்தானா? அவர் கேட்ட பிறகுதான் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். 'உங்கள் புகார் பதிவு செய்யப்படும்' என்று அது தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. அது உண்மையாகவே பதிவு செய்யும், பதிந்தது எங்கேயாவது இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அதன் மேல் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. சித்ராவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு, மெமரி கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டேன். நாற்பதுக்கு மேல் பதிவுகள். புதியதிலிருந்து பழையதை நோக்கிக் கேட்டுக்கொண்டே போனோம்.

ஆறுமுகத்தின் பதிவுகள் முடிந்த பிறகும், நான் சேர்வதற்கு முந்தையவை வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் முதலில் விஜயாவின் குரல், பிறகு கூ, பிறகு யாரோ ஒருவர் எங்கள் டேபிளை வாசிக்கிறார். குக்கர் விசில் அடிக்கும் அடுப்படியில் ஒரு பெண். பஸ் இரைச்சலில் ஒரு ஆள். பலர் வாசித்து முடித்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டிருந்தார்கள். ஒருவர், "எங்கம்மா ரெண்டு மாசமா இதத்தான் குடிக்கிறாக. கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. வேற எதையும் மாத்தலங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் காத்திருந்ததும் பதிவாகியிருந்தது.

கடைசிப் பதிவு, எல்லாவற்றிலும் பழையது. விஜயாவின் குரல் வணக்கம் சொன்னது. விவரங்களை வாசிக்கச் சொன்னது. கூ என்றது. அதற்குப் பதில் சொன்ன குரலும் விஜயாவுடையதுதான்.

சித்ரா "ஐயோ" என்றாள்.

அது சோர்ந்த குரல். பாதி மூச்சு. டேபிளை முழுக்க வாசித்தார். பிறகு சொன்னார்.

"சேர்க்கப்பட்ட சர்க்கரை பூஜ்யம்னு போட்டுருக்கு. இது தப்பு. ரெசிபிய மாத்தி ஆறு மாசம் ஆச்சு. டேபிள மாத்துங்கன்னு சார்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன். மாத்தல. நான் இனிமே ஆபீசுக்கு வர மாட்டேன். அடுத்து வர்றவுக யாரா இருந்தாலும் இதக் கேட்டா மாத்திருங்க."

சித்ரா எழுந்துபோய் அறைக்கதவை அகலத் திறந்து வைத்தாள்.

பாஸ்கரன் சாரைக் கூப்பிட்டு அதைக் கேட்க வைத்தேன். விஜயா பேசப் பேச அவர் நின்றபடியே கேட்டார். முடிந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு தடவ இல்ல. மூணு தடவ சொன்னாக" என்றார். அதற்குமேல் என்னைத் தடுக்கவில்லை.

மறுநாள் சிவகங்கைக்கு பஸ் ஏறினேன். லேப் ரிப்போர்ட், மெமரி கார்டு, ப்ரூஃப் காப்பி மூன்றையும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் மேஜையில் வைத்தேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ப்ரூஃபின் அடியில் விரலை வைத்தார்.

"இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

சரக்கு திருப்பி எடுக்கப்பட்டது. கம்பெனி மேல் வழக்கு நடந்தது. விசாரணையில் நானும் கூண்டில் நிற்காத குறையாகப் பதில் சொன்னேன். சில மாதம் கழித்து வேறு லேபிளோடு கம்பெனி திறந்தது. நான் திரும்பப் போகவில்லை.

நான் சொல்லிக்கொள்வது

இப்போது வேறொரு இடத்தில் லேபிள்களைச் சரிபார்க்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். மிக்சிங் நடக்கும் இடத்தில் போய் நின்று, மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல், ரிசல்ட்டைக் கையில் வாங்காமல் ஒரு டேபிளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பாக்கெட்டை வாசிக்கிறவர்கள் அதைத் தாளில் அச்சான எண்ணாகப் பார்ப்பதில்லை. ஒரு ஆள் நேரில் வந்து, நான் பார்த்தேன் என்று தங்களிடம் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்காவிட்டால் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். எனக்கு அதைப் பழகுவதற்கு நாளானது.

போன மாசி மாதம் கண்டனூர் பக்கம் போனபோது வள்ளிக்கண்ணு அம்மாவைப் பார்க்கப் போனேன். மாத்திரையும் ஊசியுமாக இருக்கிறார். ஆள் தேறியிருந்தார். ஆறுமுகம் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். யாரோ வாங்கிவந்து கொடுத்ததாம். நல்ல கம்பெனி பாக்கெட்தான். முன்பக்கம் கோதுமைக் கதிர், பச்சை இலை.

"இது நான் திங்கலாமான்னு வாசிச்சுச் சொல்லுங்க. எனக்கு எழுத்துத் தெரிய மாட்டேங்குது" என்றார்.

முழுக்க வாசித்தேன். சர்க்கரை எவ்வளவு என்று போட்டிருந்ததையும் வாசித்தேன்.

"அது போட்டுருக்குறது. உள்ள இருக்குறது என்ன?"

"தெரியலம்மா. நான் சோதிச்சுப் பாக்கல."

அவர் பார்வையுள்ள கண்ணால் என்னைப் பார்த்தார். விளக்குமாற்றை நிறுத்திவிட்டு ஆறுமுகம் அங்கிருந்தே, "என்ன சொல்றாக?" என்று கேட்டார்.

வள்ளிக்கண்ணு அவர் காதுக்குக் கேட்கும்படி உரக்கக் கத்தினார். "தெரியலயாம்!"

அந்த வீட்டின் பூட்டிய அறைகள் அதை ஒவ்வொன்றாக வாங்கித் திருப்பிச் சொல்லின. பிறகு அந்த அம்மா பாக்கெட்டைப் பிரிக்காமலே கொண்டுபோய் உள்ளே வைத்தார்.